ஒட்டக் கூடாத பசை

அமெரிக்காவில் மான் வேட்டைப் பருவம் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது, பல வீடுகளின் கார் ஷெட்டில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மேசைமேல் பழைய துண்டு ஒன்றை விரித்து ரைஃபிளைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். குழலும் எஃகுப் பாகங்களும் ஒரு பக்கம், வால்நட் மரக் கட்டை இன்னொரு பக்கம். அருகில் இரண்டு டப்பாக்களில் எபாக்ஸி. கடையில் காசு கொடுத்து வாங்கக் கிடைக்கிற பசைகளில் இதைவிடப் பிடிவாதமானவை அதிகம் இல்லை. ஆனால் அதைக் கலக்குவதற்கு முன்னால் துப்பாக்கிக்காரர் எஃகின்மேல் ஷூ பாலீஷ் தடவிக்கொண்டிருக்கிறார். ஒரு பூச்சு பூசி, காயவிட்டு, துணியால் மினுக்கி, மறுபடி ஒரு பூச்சு. மூலை முடுக்கு எதையும் விடுவதில்லை. பசை எங்கேயும் ஒட்டிவிடக் கூடாதாம்.

ஒட்டக் கூடாதென்றால் பசை எதற்கு?

இந்த வேலைக்கு ‘கிளாஸ் பெடிங்’ என்று பெயர். துப்பாக்கியின் எஃகுப் பாகம் மரக்கட்டையில் படுத்துக்கொள்ள, அதன் உடம்புக்கு அளவெடுத்தாற்போல் ஒரு மெத்தை வார்த்துக் கொடுப்பது. பல்செட் கட்டிக்கொண்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஈறின் மேடு பள்ளத்தை அச்செடுத்து, அதற்கு நேர் எதிர்ப் பதிவாகப் பல்செட்டின் அடிப்பாகத்தை வார்க்கிறார்கள். அது ஈறோடு கச்சிதமாக உட்கார வேண்டும். ராத்திரி கழற்றவும் வர வேண்டும். ஒட்டிக்கொண்டால் விபரீதம். இந்த ஒப்புமையை நான் வலிந்து கொண்டுவரவில்லை. எபாக்ஸியின் பூர்வீகமே பல்செட்தான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் துப்பாக்கி வெடிக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். வேட்டைக்காரர்கள் பரவலாக வைத்திருக்கும் .308 வின்செஸ்டர் ரகத்தை எடுத்துக்கொள்வோம். குண்டின் எடை பத்து கிராமுக்குச் சற்று மேல். குழலின் நீளம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். வெடிமருந்து பற்றியதும் உள்ளே அழுத்தம் 400 மெகாபாஸ்கலைத் தாண்டும். நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல நாலாயிரம் மடங்கு. 7.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டின் அடிப்பாகத்தில் இது விழுந்தால் சுமார் 2 டன் எடைக்குச் சமமான விசை. குண்டை முன்னே தள்ளும் அதே விசை துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. நியூட்டனுக்கு யாரும் விலக்கில்லை. குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் வெளியே போய்விடுகிறது. குழலுக்குள் அது இருந்த நேரம் ஒரு மில்லிநொடிக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அதற்குள் துப்பாக்கி பின்னால் நகர்ந்திருக்கும் தூரம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. தோளில் நாம் உணரும் உதையில் பெரும்பங்கு, குண்டு போன பிறகுதான் வந்து சேர்கிறது.

அந்த ஒரு மில்லிநொடி மனிதனுக்குத்தான் சிறியது. எஃகுக்கு அது நீண்ட பொழுது. எஃகில் ஒலி நொடிக்கு ஐயாயிரம் மீட்டர் ஓடும். அதிர்வு ஒன்று குழலின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேர 0.12 மில்லிநொடி போதும். ஆகவே, குண்டு வெளியேறுமுன் அதிர்ச்சி அலை குழலில் பத்துத் தடவைபோல நடை போட்டுவிடுகிறது. குழல் சாட்டை மாதிரி நெளிகிறது. எவ்வளவு நெளிகிறது என்பது இங்கே பிரச்சினையில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நெளிந்தால் குண்டுகள் ஒரே இடத்தில்தான் விழும். முதல் தோட்டாவுக்கு ஒரு மாதிரி, இரண்டாவதற்கு வேறு மாதிரி என்றால்தான் இலக்கில் துளைகள் சிதறும்.

சிதற எவ்வளவு வேண்டும்? துப்பாக்கிக்காரர்களின் அளவுகோல், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. நூறு மீட்டர் தொலைவில் அது 29 மில்லிமீட்டர். அறுபது சென்டிமீட்டர் குழலின் வாய் தன் இடத்திலிருந்து 0.17 மில்லிமீட்டர் விலகினால் அந்தக் கோணம் வந்துவிடும். இரண்டு மூன்று தலைமுடியைச் சேர்த்து வைத்த கனம். இவ்வளவு நுட்பமாக இருக்கவேண்டிய எஃகை மரத்தில் கிடத்தியிருக்கிறோம்.

மரத்தைப் பற்றி நமக்குத் தெரியாததா? ஐப்பசி அடைமழையில் வாசற்கதவு நிலையைப் பிடித்துக்கொள்ளும். தோளால் இடித்துத் திறக்கவேண்டியிருக்கும். பங்குனி வந்தால் தானாகத் தளர்ந்துவிடும். துப்பாக்கிக் கட்டையும் ஒரு கதவுதான். அமெரிக்கக் கறுப்பு வால்நட்டைப் பச்சையாக வெட்டி முழுக்க உலர்த்தினால், ஆண்டு வளையங்களின் போக்கில் 7.8 சதவீதமும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 5.5 சதவீதமும் சுருங்கும். நீளவாக்கில் மட்டும் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கியிருந்தால் தொல்லை இவ்வளவு இருந்திருக்காது. பக்கத்துக்குப் பக்கம் கணக்கு மாறுவதால்தான் முறுக்கிக்கொள்கிறது, வளைகிறது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு இறங்கும். அங்கே மரத்தின் ஈரம் நாளடைவில் 6 சதவீதத்தில் வந்து நிற்கும். 80 சதவீத ஈரக்காற்றில் வாரக்கணக்கில் கிடந்தால் 16-க்கு ஏறும். 50 மில்லிமீட்டர் அகலக் கட்டைக்கு இந்த வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல். வார்னிஷ் இதைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

இந்தப் பாடத்தை அமெரிக்க மரைன் படை வியட்நாமில் கற்றுக்கொண்டது. 1966-ல் அவர்கள் ஸ்னைப்பர்களுக்காக ரெமிங்டன் 700 வேட்டை ரைஃபிளை எம்40 என்ற பெயரில் எடுத்துக்கொண்டார்கள். அழகான வால்நட் கட்டை. காட்டின் புழுக்கத்திலும் மழையிலும் கட்டை ஊதி வளைந்து, தொடக்கூடாத இடத்தில் குழலைத் தொட்டது. நேற்று சரியாகச் சுட்ட துப்பாக்கி இன்று வேறெங்கோ சுட்டது. 1970களில் அவற்றை எம்40ஏ1 ஆகத் திருத்திக் கட்டியபோது, மரத்தைக் கைவிட்டு மெக்மில்லன் நிறுவனத்தின் ஃபைபர்கிளாஸ் கட்டைக்கு மாறினார்கள்.

மரம் குழலைத் தொடுவது கண்ணுக்குத் தெரியும் குற்றம். ஒரு ரூபாய் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து இழுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்னொரு குற்றம் உள்ளுக்குள் நடக்கிறது. குழல் திருகி உட்காரும் எஃகுக் கூட்டுக்கு ரிசீவர் என்று பெயர். இது இரண்டு திருகுகளால் கட்டையோடு இறுக்கப்படுகிறது, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தொழிற்சாலையில் இயந்திரம் குடைந்த பள்ளத்தில் நடுவே சின்ன மேடு இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். முன் திருகையும் பின் திருகையும் முறுக்க முறுக்க, ரிசீவர் அந்த மேட்டின்மேல் வில் மாதிரி வளைகிறது. எஃகு வளையுமா என்று கேட்கலாம். நமக்குக் கவலை தருவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு; அவ்வளவுக்கு எஃகு தாராளமாக வளையும். குறிபார்க்கும் தொலைநோக்கி ரிசீவர் மேல்தான் பொருத்தியிருக்கிறது. ஆக, அடித்தளமே நெளிந்த வீடு. மேடாக இருப்பதோ மரம். மழைக்கு ஒரு உயரம், வெயிலுக்கு ஒரு உயரம்.

ரிசீவரின் அடியில் நாக்கு மாதிரி ஓர் எஃகுத் துண்டு தொங்கும். லக் என்பார்கள். கட்டையில் குடைந்த குழியில் அது இறங்கி நிற்கும். பின்னுதைப்பு முழுவதும் எஃகிலிருந்து மரத்துக்குப் போவது இந்த நாக்கின் முதுகு வழியாகத்தான். துப்பாக்கி எடையில் கால் பங்கு கட்டை என்றால், அந்த 2 டன்னில் அரை டன்போல இதன்வழியே கடக்கிறது. நாக்கின் முதுகு மரத்தில் முழுசாகப் படியாமல் ஒரு மூலை மட்டும் தொட்டால், ஒவ்வொரு வெடிக்கும் ரிசீவர் கொஞ்சம் திரும்பும். மரமும் அந்த மூலையில் நசுங்கிக்கொண்டே போகும்.

பழைய காலத்துத் துப்பாக்கித் தச்சர்கள் இதையெல்லாம் கையாலேயே சமாளித்தார்கள். எஃகின்மேல் விளக்குக் கரியைப் பூசி, பள்ளத்தில் இறக்கி, எடுத்துப் பார்த்து, கரி படிந்த இடத்தை மட்டும் உளியால் சீவி, மறுபடி இறக்கி… நாள்கணக்கில் நடக்கும் வேலை. நம்மூர்த் தச்சர் கழுந்தையும் துளையையும் இணைக்கும் பொறுமைதான் அதுவும். எபாக்ஸி அந்தப் பொறுமையை ஒரு ராத்திரியாகச் சுருக்கிவிட்டது. இதை நான் முழு மனதோடு பாராட்டுகிறேனா என்று கேட்டால், பாதிதான். அந்தக் கரிப்பூச்சுக் கைகள் இன்று அருகிவிட்டன.

சரி, பல்செட் கதைக்கு வருவோம். சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்தான் என்ற வேதியியலாளர் 1930களில் பல் மருத்துவப் பொருள்கள் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்தார். பல்செட்டுக்கு ஏற்ற, வார்க்கும்போது சுருங்காத ஒரு பிசினைத் தேடியவர் எபாக்ஸியைக் கண்டடைந்தார். பல் மருத்துவம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. உரிமத்தை வாங்கிய சீபா நிறுவனம் அதைப் பசையாக்கி, 1946-ல் பாசல் நகரத்துப் பொருட்காட்சியில் ‘அரால்டைட்’ என்று அறிமுகப்படுத்தியது. நம் ஹார்டுவேர் கடைகளில் இரட்டை டியூபாகத் தொங்கும் அதே அரால்டைட். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ என்பவர் தனியாக இதே பிசினில் உழைத்துக்கொண்டிருந்தார்.

காஸ்தான் தேடிய ‘சுருங்காமை’ எங்கிருந்து வருகிறது? எபாக்ஸி மூலக்கூறின் முனையில் இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த முக்கோண வளையம் இருக்கிறது. கார்பனின் பிணைப்புகளுக்கு இயல்பான கோணம் 109 பாகை; முக்கோணத்தில் அவை 60 பாகைக்கு மடக்கப்பட்டிருக்கின்றன. அமுக்கி வைத்த ஸ்பிரிங் போல. இரண்டாவது டப்பாவில் இருக்கும் அமீன் வந்து தொட்டதும் வளையம் பட்டென்று விரிந்து அதோடு கைகோத்துக்கொள்கிறது. இப்படிப் பல்லாயிரம் கைகள் கோத்து முப்பரிமாண வலையாகும்போது பிசின் இறுகுகிறது. இதில் எதுவும் ஆவியாகப் போவதில்லை, நீரும் பிரிவதில்லை. பெயின்ட் காய்வது வேறு, எபாக்ஸி இறுகுவது வேறு. கார் பட்டறையில் பட்டி பார்க்கும் பாலியெஸ்டர் பிசின் இதைவிடக் கூடுதலாகச் சுருங்கும். அதை ஊற்றி மெத்தை வார்த்தால் ராத்திரி கச்சிதமாக இருந்தது காலையில் ஆட்டம் காணும்.

‘கிளாஸ்’ என்ற பெயர், பிசினோடு கலக்கும் பொடித்த கண்ணாடி இழையால் வந்தது. இழை கலந்தால் சுருக்கம் இன்னும் குறைகிறது, கலவையும் சுவரில் வழியாமல் நிற்கிறது. வெப்பத்தில் எபாக்ஸி எஃகைப்போல நாலைந்து மடங்கு விரியும். அதையும் இழை மட்டுப்படுத்துகிறது. இன்று பலர் கண்ணாடிக்குப் பதிலாக எஃகுத் தூளோ அலுமினியத் தூளோ கலந்த பிசினைப் பயன்படுத்துகிறார்கள், பெயர் மட்டும் மாறவில்லை. ஆனால் இயற்பியலாளரைக் கேட்டால் பெயர் சரிதான் என்பார். இறுகிய எபாக்ஸி படிகமாக அடுக்கிக்கொள்ளாத திடப்பொருள். அதாவது, அவர்கள் மொழியில் அதுவே ஒரு ‘கண்ணாடி’. குறிப்பிட்ட வெப்பநிலைக்குமேல் அது விறைப்பை இழந்து தோல்போல இளகும். அறை வெப்பத்தில் இறுகவிட்ட சாதாரண எபாக்ஸிக்கு அந்த எல்லை பெரும்பாலும் 50, 60 பாகை செல்சியஸ் வாக்கில் வந்துவிடும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் துப்பாக்கியை விட்டுப்போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி வேலை. (இங்கே ஒரு குறுக்கீடு: அமெரிக்காவில் இது வீட்டுக் கைவேலை. இந்தியாவில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே தனி உரிமம் வேண்டும்.) தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்து, போல்ட்டை உருவி, தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பம். பிறகு ரிசீவர் உட்காரும் பள்ளத்தில் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மரத்தைச் சுரண்டி எடுக்கிறார்கள். முன்பக்கம் லக் குழியைச் சுற்றி. பின்பக்கம் ரிசீவரின் வால் உட்காரும் இடத்தில். சுரண்டிய மரத்தின் முகம் சொரசொரப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் பசை ஒட்டவேண்டிய ஒரே பக்கம் அதுதான். திருகு இறங்கும் இடங்களில் அலுமினியத் தூண்களைப் பதிப்பதும் உண்டு. குறுக்குவாக்கில் அழுத்தினால் மரம் நசுங்கும். முறுக்கிய திருகு ஆறு மாதத்தில் தளர்ந்திருக்கும். தூண் இருந்தால் திருகின் இறுக்கம் மரத்தின் தலையில் விழாது.

லக்கின் முன்முகம், பக்கவாட்டு, அடி மூன்றிலும் டேப் ஒட்டுகிறார்கள். முதுகில் மட்டும் இல்லை. பிறகு டேப்பை உரித்ததும் அந்தக் கனத்துக்கு இடைவெளி கிடைக்கும். முதுகு மட்டுமே எபாக்ஸியில் முட்டும், மற்றப் பக்கங்கள் காற்றில் நிற்கும். தோளில் சாய்ந்து நிற்கிறவனை நாலாபுறமும் இறுக்கிப் பிடித்தால் நேராக நிற்க மாட்டான். இதற்கும் அதே நியாயம்தான். கழற்றும்போது உராயாமல் வரவும் இதுவே வழி.

அடுத்தது களிமண். குழந்தைகள் விளையாடும் கலர் களிமண்ணை எடுத்து ரிசீவரிலுள்ள ஒவ்வொரு துளையையும் வெட்டையும் அடைக்கிறார்கள். முழுச் செயல்முறையிலும் அவசரக்காரர்கள் தோற்கும் இடம் இது. பாலீஷ் பூசாத இடத்தில் பசை ஒட்டினாலாவது பிரித்துவிடலாம். ஒரு குறுக்குத் துளைக்குள் எபாக்ஸி நுழைந்து கட்டியாகிவிட்டால் அது பூட்டிய தாழ்ப்பாள். பாலீஷ் எவ்வளவு பூசியிருந்தும் பயனில்லை. கட்டையை உடைத்து எடுத்தவர்கள் உண்டு.

பிசினையும் அமீனையும் கலப்பதில் கைக்கணக்கு செல்லாது. அயோவாவின் பிரௌனெல்ஸ் நிறுவனம் விற்கும் ‘அக்ராகிளாஸ்’ திரவத்துக்கு நாலுக்கு ஒன்று. அதே பெயரில் வரும் ஜெல்லுக்குச் சரிபாதி. சீக்கிரம் இறுகட்டும் என்று இரண்டாவது டப்பாவிலிருந்து தாராளமாக ஊற்றுவது பட்டி பார்த்த பழக்கம். அங்கே அது தூண்டுபொருள். இங்கே சரக்கில் அதுவும் ஒரு பங்கு. கூடினால் கைகோக்க ஆளில்லாத அமீன் மிஞ்சி, மெத்தை என்றைக்கும் பிசுபிசுக்கும். கையுறை கட்டாயம், ஏனென்றால் ஒருமுறை அமீன் ஒவ்வாமை வந்தவருக்கு அடுத்த முறை அதன் வாடையே அரிப்பைக் கிளப்பலாம். கலந்த கிண்ணம் சூடாவதையும் பார்க்கலாம்: விரிந்த ஸ்பிரிங்குகள் வெளியிடும் ஆற்றல் அது.

கலவையைப் பள்ளத்தில் பரப்பி, ரிசீவரை மெல்ல இறக்குகிறார்கள். ஓரங்களில் பிதுங்கி வழியும், வழிய வேண்டும். வழியாத இடம் காற்றுக்குமிழி. வழிந்ததை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம். இப்போது பெரும்பாலானவர்களின் கை தானாகத் திருகை முறுக்கப் போகும். முறுக்கினால் இத்தனை பாடும் வீண். முறுக்கியதால் வளைந்த ரிசீவரைச் சுற்றி எபாக்ஸி இறுகும்; எந்த நெளிவைப் போக்க உட்கார்ந்தோமோ, அந்த நெளிவுக்கே அச்சு வார்த்துக் கொடுத்திருப்போம். ஆகவே தலையில்லாத வழிகாட்டித் திருகுகளை மட்டும் செருகி, ரப்பர் குழாயால் நாலு சுற்றுச் சுற்றி, எஃகு தன் பாரத்திலேயே அசையாமல் படுத்திருக்க விடுகிறார்கள். ஒரு நாள் முழுக்க. குளிரான ஷெட் என்றால் இன்னும் அதிகம்.

மறுநாள் கழற்றும்போது வயிற்றைக் கலக்கும் என்று சொல்லாத ஆளில்லை. குழலைப் பிடித்துத் தூக்கி ரப்பர் சுத்தியலால் கட்டையைத் தட்டுகிறார்கள். வரவில்லையென்றால் முழுசாக ஃப்ரீசரில். எஃகும் எபாக்ஸியும் வெவ்வேறு அளவில் சுருங்கும்போது பாலீஷ் படலத்தில் பிடி நழுவி, ‘டக்’ என்ற சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும். உள்ளே பார்த்தால் எஃகில் கடைசல் இயந்திரம் விட்டுப்போன மெல்லிய கோடுகள்கூட எபாக்ஸியில் பதிந்திருக்கும்.

சரியாக வந்திருக்கிறதா என்று சுடாமலே பார்க்கலாம். டயல் கேஜ் ஒன்றைக் கட்டையில் பிடித்து, முள்ளைக் குழலில் வைத்து, திருகை ஒவ்வொன்றாகத் தளர்த்தினால் போதும். முள் 0.05 மில்லிமீட்டருக்குள் நின்றால் எஃகு நிம்மதியாகப் படுத்திருக்கிறது. அதைத் தாண்டித் துள்ளினால் இன்னும் எங்கோ வளைகிறது.

இலக்கில் சுட்டுப் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். முன்பு மூன்று குண்டு, பின்பு மூன்று குண்டு. துளைகள் நெருங்கிவிட்டன, வேலை பலித்தது என்பார்கள். ஒவ்வொரு குண்டின் இயல்பான சிதறலை ஓர் அலகு என்று வைத்தால், மூன்று குண்டுகளில் மிகத் தள்ளி விழுந்த இரண்டுக்கு நடுவே தூரம் சராசரியாக 2.4 அலகு. ஐந்துக்கு 3.1, பத்துக்கு 3.8. மூன்று குண்டுக் கணக்கில் அந்த 2.4 என்பது முறைக்கு முறை கிட்டத்தட்ட 0.9 அலகு மேலும் கீழும் ஆடும். எதையும் தொடாத அதே துப்பாக்கியே ஒரு நாள் 1.5 காட்டும், மறுநாள் 3.3 காட்டும். பத்துப் பத்தாகச் சிலமுறை சுட்டால்தான் எபாக்ஸி செய்ததும் அதிர்ஷ்டம் செய்ததும் பிரிந்து தெரியும். குழலே தேய்ந்துபோன துப்பாக்கிக்கு எந்த மெத்தையும் உதவாது என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

மரமே இல்லாவிட்டால் இந்த வம்பெல்லாம் வேண்டாமே என்று தோன்றும். ஃபைபர்கிளாஸ் கட்டைக்கு மாறிய மரைன் படையின் ஆயுதத் தச்சர்கள் எம்40ஏ1-ஐயும் எபாக்ஸியில்தான் படுக்க வைத்தார்கள். இன்று இயந்திரத்தில் கடைந்த அலுமினியச் சட்டங்கள் வந்துவிட்டன. மழையும் வெயிலும் அவற்றை ஊதவைப்பதில்லை. அவற்றை வாங்குபவர்களிலும் சிலர் சட்டத்தின் பள்ளத்தில் தோல் கனத்துக்கு எபாக்ஸியைத் தடவி, ஷூ பாலீஷ் பூசிய ரிசீவரை இறக்கி, ஒரு நாள் காத்திருக்கிறார்கள்.